விரத நாளின் மாத்திரை

தைப்பூசத்திற்கு நான்கு நாள்களே இருந்தன. காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்ட மகேந்திரன், ஒரு மாதமாக இரவில் மட்டுமே உண்டு விரதம் காத்துவந்தான். இனிப்புநீர் நோய்க்கான மாத்திரையைக் காலையில் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சென்ற வாரம் அதன் அளவைக் கூட்டிக் கொடுத்த டாக்டரிடம் விரதத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பஸ் ஓட்டும் லைசென்சுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற பயம்.

அன்று பிற்பகல் ஷிப்டுக்காக, பழைய தோட்டத்து வீடுகளிலிருந்து ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். செம்பனை வரிசையைக் கடக்கையில் கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. எதிரே நின்ற சுண்ணாம்புக் குன்று எழுந்து தன்னை நோக்கி நடந்து வருவதைக் கண்டான். வருவது முருகனேதான் என்று மெய்சிலிர்த்து, எப்படியோ பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினான்.

“அண்ணனுக்குச் சாமி வருதுலா,” என்று கைகூப்பினாள் முன்னிருக்கையில் இருந்த துளசி.

“எனக்கு வேல நிரந்தரமாகுமான்னு கேளுக்கா,” என்றது பின்னிருக்கைக் குரல்.

சக்கீனா மட்டும் எழுந்து முன்னால் வந்தாள். அவள் கணவருக்கும் இதே நோய். நோன்பு மாதத்திற்கு முன்பே கிளினிக்கில் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு வருவது அவர்கள் வீட்டு வழக்கம்.

“மகேன் அண்ணே, சாப்பிட்டிங்களா?”

“விரதம்...”

“மாத்திர போட்டிங்களா?”

தலையசைத்தான்.

“சாமிய அப்புறம் கும்பிடலாம். சீனி இறங்கிப்போச்சு, இதக் குடிங்க.”

அவளுடைய போத்தலிலிருந்த தே ஓ, பாலில்லாத இனிப்புத் தேநீர், மிடறு மிடறாக உள்ளே போயிற்று. சிறிது நேரத்தில் குன்று தன் இடத்திற்குத் திரும்பியது. இலைகளில் பச்சை ஏறியது. இத்தனை பெரிய வண்டியும் இத்தனை உயிர்களும் ஒரு கரண்டிச் சீனியை நம்பியா ஓடின என்று மலைத்துப்போனான்.

“சரியாப் போச்சு. போலாம்,” என்று சாவியைத் தொட்டான்.

“மாத்திர இன்னும் உள்ளதான் வேல செய்யுது. மறுபடி இறக்கும். வேற டிரைவர வரச்சொல்லுங்க.”

“கம்பெனிக்குத் தெரிஞ்சா லைசென்சு போயிரும்மா.”

“நாங்க இருபத்திரண்டு பேரு தெரியாமத்தான அண்ணே ஏறினோம்.”

மகேந்திரன் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு, மேலாளரை அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னான். டாக்டரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னான்.

மாற்று ஓட்டுநர் வந்தார். போகும் வழியில் கிளினிக்கில் இறக்கிவிடச் சொல்லி, மகேந்திரன் பின்னிருக்கையில் அமர்ந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் பார்த்திராத காட்சி அங்கே விரிந்தது. புது ஓட்டுநரின் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எல்லாரும் உறங்கிப்போனார்கள்.