கையில் கொடுத்த கடிதம்

ரோஷெல் பிக்கெட் பொய் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அவள் என் கையில்தான் கொடுத்தாள். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

அமெரிக்காவின் டோலிடோ நகரத்தில் முடிதிருத்தும் தொழில் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் நான் பதினேழு வருடம் பதிவாளராக இருந்தேன். யார் எத்தனை மணி நேரம் வந்தார்கள், எந்தத் தேர்வில் தேறினார்கள், எத்தனை தலைக்கு முடி வெட்டினார்கள் என்று குறித்து வைப்பது என் வேலை. அப்போது எங்கள் மாநிலத்தில் ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் முடித்தாக வேண்டும். முடித்தவர்களின் தாளில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அரசுத் தேர்வுக்கே உட்கார முடியும். இடையில் மூன்று தடவை ஒவ்வொருவரையும் எடைபோடுவோம். வரவேண்டிய நேரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருக்க வேண்டும். முதல் தடவை குறைந்தால் எச்சரிக்கை, இரண்டாம் தடவை குறைந்தால் வெளியே. நியாயமான காரணம் இருந்தால் மனுக் கொடுக்கலாம், ஆனால் கையோடு சான்றும் வேண்டும்.

ரோஷெலுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையை மூடியதும் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் கை அப்படி ஒரு கை. எங்கள் ஆசிரியர் செட்ரிக் யாரையும் லேசில் புகழமாட்டார். அவரே, "அந்தம்மா கத்திரிய எடுத்துட்டா நான் வாய மூடிக்கிட்டு ஓரமா நின்னுக்குவேன்" என்பார்.

அவளுடைய அப்பா ஐசம் பிக்கெட்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். கூட்டிப்போக ரோஷெலை விட்டால் ஆள் கிடையாது. வியாழக்கிழமைகளில் மட்டும் அவர் பள்ளிக்கு வந்து மகளின் நாற்காலியில் உட்காருவார். "காதுகிட்ட பாத்து வெட்டு பொண்ணே, இந்த உடம்புல அது ஒண்ணுதான் இன்னும் ஒழுங்கா வேலை செய்யுது" என்று கூடமே கேட்கச் சொல்வார்.

ஆயிரத்து இருநூறு மணிக்கான மதிப்பீட்டில் அவள் இரண்டாம் தடவையாகக் குறைந்துபோனாள். மனு எழுதினாள். செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை மதியம், சிகிச்சை நிலையத்தின் கடிதத்தோடு என் ஜன்னலுக்கு வந்தாள். நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன்.

"மிஸ் வெர்னா, டாக்டர் லெட்டர். இத வாங்க நாலு நடை நடந்தேன். பத்திரமா வச்சுக்கோங்க."

தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மனுக்களைப் பார்க்கும் குழு கூடியது. இயக்குநர் லாயிட், செட்ரிக், நான், மூன்றே பேர்.

"மனு நல்லாத்தான் எழுதியிருக்காங்க. சான்று ஏதாவது வந்துச்சா வெர்னா?" என்று லாயிட் கேட்டார்.

கோப்பைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. வெள்ளை உறை ஒன்றை யாரோ நீட்டிய மாதிரி மங்கலாக ஒரு ஞாபகம் வந்தது. அன்று பார்க்க வேண்டிய மனு இன்னும் ஆறு இருந்தது. அந்த ஞாபகத்தை நான் பிடித்து நிறுத்தவில்லை.

"ஒண்ணும் வரல" என்றேன்.

மனுவைத் தள்ளி அவளை நீக்கிவிட்ட முடிவைச் சொன்னதும் ரோஷெல் நடைவழியில் என்னை மறித்தாள். "மிஸ் வெர்னா, நான் உங்க கையிலதான குடுத்தேன்? வெள்ளிக்கிழம. நீங்க போன்ல இருந்தீங்க."

"நிதானமா யோசிச்சுப் பாரு கண்ணு. அப்பாவையும் பாத்துக்கிட்டு இங்கயும் ஓடி வர்ற. குடுக்கணும்னு நெனச்சிருப்ப, வண்டியிலயே விட்டிருப்ப. எங்கிட்ட வந்தா ஃபைல்ல இல்லாம எங்க போகும்?"

அதைக் கனிவோடுதான் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பதினேழு வருடப் பதிவாளர் சொல்வதா, தன் ஞாபகமா என்று அவள் மனதுக்குள் தராசு ஆடுவது எனக்குத் தெரிந்தது. என் பக்கம்தான் தாழ்ந்தது.

இரண்டு நாள் கழித்து, தன் அலமாரியைக் காலி செய்ய வந்தவள் ஜன்னலில் நின்றாள். "மன்னிச்சுக்கோங்க மிஸ் வெர்னா. அன்னிக்கு உங்கள நடுவழியில நிக்கவச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் புத்தி இப்பல்லாம் ஒரு நிலையில இல்ல."

"பரவால்ல விடு" என்றேன்.

அக்டோபர் இருபதாம் தேதி, பள்ளிக்கு அங்கீகாரம் தரும் குழு சோதனைக்கு வர மூன்று நாள் இருந்தபோது, எல்லாக் கோப்புகளையும் எடுத்துச் சரிபார்த்தேன். பிக்கெட் கோப்புக்கு அடுத்தது பிக்கார்ட் என்ற வேறொருவனுடைய கோப்பு. அதற்குள் அந்த வெள்ளை உறை இருந்தது. மேலே என் கையெழுத்திலேயே பெற்ற தேதி எழுதியிருந்தது.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினைந்து நாள் பாக்கி. எழுந்து லாயிட்டின் அறைக்குப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. போன சோதனையில் கோப்பு மாறிப்போனதாக என் பேரில் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது. இந்தக் குழு போகட்டும், பிறகு சொல்லலாம் என்று உறையை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். குழு வந்தது. இவ்வளவு ஒழுங்கான கோப்புகளைப் பார்த்ததில்லை என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனது. அதன்பின் சொல்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்வோம் என்று வருவேன். பதினைந்து நாளும் போயிற்று. கெடு முடிந்த அன்று எனக்குள் சின்னதாக ஒரு நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, வழக்கமாகப் போகாத ஒரு பல்பொருள் அங்காடிக்குப் போனேன். இறைச்சி நறுக்கும் இடத்தில் தலையில் வலைத் தொப்பியோடு ரோஷெல் நின்றாள்.

"மிஸ் வெர்னா! எப்படி இருக்கீங்க? ஹாம் வேணுமா? மெல்லிசா வெட்டித் தரேன், உங்களுக்காக."

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஜனவரியில போயிட்டாரு. கடைசி வாரம் அடுக்களையில உக்காரவச்சு நானே முடி வெட்டி விட்டேன். 'லைசன்ஸ் இல்லாம வெட்டுற, போலீஸக் கூப்பிடுவேன்'னாரு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு மேலங்கிப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இப்ப நான் திருந்திட்டேன் மிஸ் வெர்னா. யாருக்கு என்ன குடுத்தேன், எப்பக் குடுத்தேன், எல்லாம் எழுதி வச்சுக்கிறேன். என் மண்டைய நானே நம்புறதில்ல."

பன்றி இறைச்சிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலை உறையை லாயிட்டின் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெடு முடிஞ்சு நாலு மாசமாச்சு வெர்னா. அந்தம்மா இப்ப ஏதும் கேக்கவும் இல்ல. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம். இத நான் பாக்கல, நீங்களும் காட்டலன்னு வச்சுக்குவோமே?"

"நான் எழுதியே கொண்டு வந்துட்டேன் லாயிட். ஒரு நகல் உங்களுக்கு. இன்னொண்ணு அவளுக்கு."

அன்று மாலை நான்கு மணிக்கு ரோஷெல் வேலை முடிந்து வெளியே வரும்வரை அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். நகலையும் கடிதத்தையும் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன், தாளைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. அவள் உறைமேல் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"எப்பக் கெடச்சுது இது?"

"அக்டோபர் இருபது."

விரல் மடக்கி எண்ணினாள். "அப்ப நாள் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"வண்டி சீட்டயே கழட்டிப் போட்டுத் தேடுனேன் மிஸ் வெர்னா. அப்பாவப் போட்டுக் கத்துனேன். 'நீதான் எங்கயோ தூக்கிப் போட்டுட்ட, உன்னாலதான் என் படிப்பு போச்சு'ன்னு. அவரும் 'இருக்கும்மா, நான்தான் போட்டிருப்பேன்'னு ஒத்துக்கிட்டாரு. அந்த நெனப்போடதான் போனாரு."

நான் "மன்னிச்சிடு" என்றேன். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் எதையும் தொடாமல் விழுந்தது. அவள் தன் வண்டியில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு கிளப்பிப் போய்விட்டாள்.

குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை நான் உறுப்பினராக இல்லை. செட்ரிக் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ரோஷெலை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள், பழைய மணி நேரமெல்லாம் அப்படியே செல்லும் என்றார்கள். பதிவாளர் வேலையை என்னிடமிருந்து எடுத்து வாசல் மேசையில் உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது, தொலைபேசி எடுப்பது. சரியென்று உட்கார்ந்தேன்.

மே மாதம் அவள் திரும்பி வந்தாள். அன்றாடம் காலையில் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். "குட் மார்னிங்" என்பாள், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. சிகிச்சைக்கு அழைத்துப்போக இப்போது அவளுக்கு அப்பா இல்லை. அந்த வருகைப் பட்டியலில் நூற்றுக்கு நூறு என்று புதிய பதிவாளர் பெருமையாகச் சொன்னபோது, நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

செப்டம்பரில் ஆயிரத்து எண்ணூறு மணியும் முடிந்தது. முடித்த தாளை வாங்கிக்கொண்டு அவள் வெளியே போகும்போது என் மேசை முன்னால் நின்றாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"போகுமான்னு தெரியல."

"போகணும்னு நான் கேக்கல ரோஷெல்."

"பாஸ் பண்ணிட்டா செட்ரிக் தன்னோட முடிவெட்டுற கடையில சேத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத சேதி அது. சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அரசுத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடை என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. நான் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.