சாயங்கால வாளி

சகலையின் மரத்தில் நாற்பத்தொரு காய்கள். மருந்துக்கடைக்காரன் தினமும் எண்ணுவான். காலையில் பல் துலக்கிக்கொண்டே எண்ணுவான். மதியம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வரும்போது மறுபடி எண்ணுவான். எண்ணினால்தான் சோறு இறங்கும் என்று நினைத்துக்கொள்வான். எண்ணி முடித்தபின் இறங்காது. அது வேறு விஷயம்.

இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அதில் ஒரு சின்ன மரக்கதவு. இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் அவன் மனைவியின் தங்கையும் அவள் கணவனும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதிநாள் அடுத்தவர் வீட்டு மாடிகளுக்கு நடுவில் தொங்குகிறவன்.

மரங்கள் ஒரே நாளில் ஒரே நர்சரியில் வாங்கிய ஒட்டுக்கன்றுகள். வெண்ணெய்ப்பழம். அக்காளும் தங்கையும் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாலு வருஷத்தில் காய்க்கும் என்று நர்சரிக்காரம்மா சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்து மரம் சொல் தவறவில்லை. இந்தப் பக்கத்து மரத்தின் காதில் அது விழவே இல்லை போலிருக்கிறது.

மனைவி போய்ப் பதினாலு மாதம். செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள். அவன்தான் மாத்திரை கொடுத்தான். புதன்கிழமை அவள் இல்லை.

அன்றிலிருந்து மரமும் இளைத்துக்கொண்டு வந்தது. இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நுனி தீய்ந்து, சிறுத்துப்போயின. மேல்கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து இறங்கின. பூ மட்டும் மரம் கொள்ளாமல் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்காமல் உதிர்ந்தது. அவள் கை பட்டதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் வீட்டில் பாத்திரமும் புடவையும்தான் மிச்சம்.

அவனும் சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு வாளி அவன் முறை. சாயங்காலம் ஒரு வாளி அவள் முறை. கன்று நட்ட நாளில் போட்ட ஏற்பாடு. அவள் போனபின் அவள் முறையையும் அவனே செய்தான். மரம் வாடவாட வாளி கூடியது. கடையிலிருந்து வரும் வழியில் உரப்பொட்டலமும் வாங்கி வந்து தூவினான். அளந்து கொடுத்தே பழகிய கை, இதில் மட்டும் அளவை மறந்தது.

சகலையோ மரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேலை முடிந்து வந்ததும் எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி அதன் கிளையில் மாட்டுவான், அவ்வளவுதான். அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகக் காய்கள். பொண்டாட்டியும் இருக்கிறாள், மரமும் காய்க்கிறது. ஒரு மனுஷனுக்கு எத்தனைதான் கிடைக்க வேண்டும் என்று இவன் வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் வெளியே போன நேரம், சுவர் மேல் எக்கி ஒரு காயைத் திருகிப் பறித்தான். தின்ன ஆசையில்லை. நாற்பதாகட்டும் என்றுதான். பறித்ததைச் சமையலறை ஜன்னலில் ஒளித்து வைத்தான். பன்னிரண்டு நாளாகியும் அது பழுக்கவில்லை. ரப்பர் பந்துபோலச் சுருங்கியது.

பதின்மூன்றாம் நாள் சகலை சுவரில் முழங்கையை ஊன்றி நின்றான்.

"சகலை, உங்க பக்கம் அணில் வருதா?"

"கவனிக்கல."

"ஒரு காயக் காணோம். அது பாவம், விவரம் தெரியாத அணில். முத்தாத காயப் பறிச்சா பழுக்காது, சுருங்கித்தான் போகும். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா நானே ரெண்டு குடுத்திருப்பேன்."

சகலையின் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம்தான் இவனைக் கிளறிவிட்டது.

"உங்களுக்கென்ன சகலை. உங்க மரத்துக்கு ரெண்டு பேர் இருக்கீங்க. நான் ஒருத்தன். அவ பங்கையும் சேத்து நானேதான் ஊத்தறேன். வேற என்னதான் செய்யணும் நான்?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த கொழுந்தியாள் திரும்பினாள்.

"அக்கா பங்கா? எது மாமா?"

"சாயங்கால வாளி."

அவள் கையிலிருந்த துணியை மறுபடி வாளியிலேயே போட்டாள்.

"அத அவ உங்க மரத்துக்கு ஊத்தினதே இல்லையே. மண்ணுல விரல விட்டுப் பாப்பா, காலையில நீங்க ஊத்தினதே சொதசொதன்னு இருக்கும். உங்க பக்கம் பள்ளம், களிமண். எங்க பக்கம் மேடு, மணல். அந்த வாளியத் தூக்கிக்கிட்டுக் கதவத் திறந்து இங்கதான் வருவா. எங்க மரத்துக்குத்தான் ஊத்துவா."

"எத்தன நாள்?"

"தினமும்தான். உங்ககிட்ட சொல்லாதேன்னா. சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவாராம்."

அவன் முகம் அப்படித்தான் ஆனது. அந்த மரம் அவள் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருக்கிறது. நாற்பது காயிலும் அவள் கை. இங்கே ஒன்றிலும் இல்லை. இதுவரை பட்ட பொறாமையெல்லாம் சும்மா முன்பணம் என்று தோன்றியது.

சகலை கதவைத் திறந்து வந்து மரத்தடியில் குந்தினான். மண்ணில் இரண்டு விரலை விட்டு முகர்ந்தான்.

"சாக்கடை வாசம் வருது. நீங்க கடையில ரெண்டு வேளை மாத்திரைய ஒரே வேளையில முழுங்கச் சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன?"

சகலை போய்க் கடப்பாரை கொண்டுவந்தான். அடித்தண்டை மூடியிருந்த மண்ணையும் உரத்தையும் ஒதுக்கி, ஓரமாகத் தோண்டினான். விரல் பருமன்கூட இல்லாத வேர்கள். வெள்ளையாக இருக்க வேண்டியவை கறுத்திருந்தன, தொட்டதும் ஒடிந்தன. கொழுந்தியாள் நர்சரிக்காரம்மாவுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"அழுகலா? தண்ணிய நிறுத்துங்க மொதல்ல," என்றது போன். "தண்ணி தேங்காம வெளிய போக வாய்க்கால் வெட்டுங்க. காஞ்ச கிளைய எடுத்துடுங்க. பூவையும் கிள்ளிடுங்க, அதுக்குச் சத்து போகக்கூடாது. வெயில்ல தண்டு வெடிக்காம சுண்ணாம்பு அடிங்க. சருகு பரப்புங்க, தண்டுல படாம ஒரு சாண் தள்ளி."

"உரம்?" என்றான் இவன்.

"சாகக் கெடக்கிறவன் வாயில சோத்தத் திணிப்பாங்களா? புதுத் தளிர் வந்தா பொழச்சுதுன்னு வெச்சுக்கங்க. ரெண்டு மாசம் ஆகலாம். வராமலும் போகலாம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. விரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி."

வாய்க்கால் வெட்ட மத்தியானம் முழுக்க ஆனது. இருவரும் மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். காய்ந்த கிளைகளை அறுத்ததும் மரம் பாதியாகிவிட்டது. பூவைக் கிள்ளும்போது மட்டும் சகலையைத் தொடவிடவில்லை. தானே கிள்ளினான். கடைசியில் சுண்ணாம்பு அடித்து நிறுத்தியபோது, கட்டுப் போட்ட நோயாளிபோல நின்றது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலக் கஷ்டமான வேலை வேறில்லை. காலை எப்படியோ போய்விடும், கடை இருக்கிறது. கடைப்பையன் கிடையாது என்பதால் மூச்சு விட நேரமிருக்காது. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கை அரித்தது. முதல்நாள் குழாயடி வரை போய்த் திரும்பினான். இரண்டாம் நாள் விரலை மண்ணில் விட்டான். ஈரம். மூன்றாம் நாளும் ஈரம். எட்டாம் நாளும் ஈரம். மரம் நல்லதாகவும் கெட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனான். கொழுந்தியாள் படிக்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சகலை கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒரு வாளி ஊத்த ரெண்டு நிமிஷம் போதும்," என்றான் இவன். "அவ அரை மணி நேரம் கழிச்சுத்தான் வீட்டுக்குள்ள வருவா. இங்க என்ன பண்ணினா?"

"பேசுவோம் மாமா."

"என்ன பேசுவீங்க?"

சகலை துண்டை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, "இதோ வரேன்" என்று உள்ளே போய்விட்டான்.

கொழுந்தியாள் தோலைத் தட்டிவிட்டாள். "உங்களப் பத்தித்தான். வேற யாரப் பத்திப் பேசுவா?"

"நல்லதாவா?"

"நல்லது பேச எதுக்குச் சுவரத் தாண்டி வரணும்? உங்க கடைக்கு வர்றவங்க மேல அவளுக்கு ஒரே எரிச்சல்."

"கடைக்கு வர்றவங்க மேலயா?"

"ஆமா. இருமலுக்கு மருந்து வாங்க வந்த கெழவிக்குக் கால்மணி நேரம் வெளக்கம் சொல்றாராம். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, வெந்நீரா பச்சத் தண்ணியான்னு. வீட்டுக்கு வந்தா எனக்கு 'ம்'. நான் இருமினாலும் 'ம்'. அந்தக் கெழவியாப் பொறந்திருக்கலாம்டின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்."

நாலு வருஷம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். யாரோ ஒரு கிழவி மேல். இவனுக்காக. இவனுக்கு அந்தக் கிழவியின் முகம்கூட நினைவில்லை.

"ம்" என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கினான். படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

"அப்புறம்?" என்றான். "இன்னும் என்ன சொன்னா?"