தட்டில் கொட்டிய பொட்டலங்கள்

கடைகளுக்கு அனுப்பிய தேங்காய் பர்பி பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பூசணம். வேல்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. பனியன் கம்பெனியை மூடிவிட்டு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் தொடங்கிய தொழில் இது. இதுவும் கவிழ்ந்தால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது.

பாக்கெட்டுக்குச் சீல் வைக்கும் மெஷினில் நின்ற மைத்துனன் அருள்செல்வனின் சட்டையைப் பிடித்தான். "சீலு ஒழுங்கா வெச்சயாடா?"

"தண்ணில அமுக்கிப் பாத்துட்டுத்தானுங்க மாமா அனுப்பறேன். ஒரு குமிழி வரலீங்க."

"அப்பறம் பூசணம் எப்படிடா வந்துச்சு?"

பதிலுக்குக் காத்திருக்கிற ஆளா அவன்? அறைந்தான். விழுந்தவனை உதைத்தான். தடுமாறி எழுந்தவனைப் பிடித்துத் தள்ளியதில், அருள்செல்வனின் வலது கை சீல் வைக்கும் சூட்டுக் கம்பியில் பட்டுத் தோல் உரிந்தது. அலறிக் கீழே சுருண்டானே தவிர, அப்போதும் திருப்பி அடிக்கவில்லை. அக்கா புருஷன் என்கிற மரியாதை. பேக்கிங் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

வேல்குமாரின் மனைவி கீதாஞ்சலி ஓடிவந்து குறுக்கே பாய்ந்தாள். அவன் தள்ளிய வேகத்தில் மேசைமேல் இருந்த தட்டில் கையை ஊன்றினாள். பாக்கெட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சி, பண்டம் கெடாமல் காக்கிற சின்னப் பொட்டலங்கள் அதில் குவிந்து கிடந்தன.

"ஏனுங்க, இது சுடுதுங்க."

அவனும் தொட்டுப் பார்த்தான். சூடுதான். இதை விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: உள்ளே இரும்புத்தூள், காற்றுப் பட்டதுமே உறிஞ்சத் தொடங்கிச் சூடாகிவிடும், வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காற்றுப் புகாமல் மூடுங்கள் என்று. "பனியன் பெட்டிக்கு ஈரம் இழுக்கற சிலிக்கா ஜெல் போட்டு வளந்தவனுங்க நான், எனக்கேவா சொல்லித் தர்றீங்க?" என்று எகத்தாளம் பேசியவன் இவன்தான். பனியன் கம்பெனி வழக்கப்படி, தினமும் காலையிலேயே எல்லாக் கவரையும் வெட்டித் தட்டில் கொட்ட வைத்தவனும் இவன்தான். பர்பியோடு சேர்வதற்குள்ளேயே அவை உறிஞ்சி ஓய்ந்துபோயின; பூசணம் வந்தது அதனால்தான்.

"கொட்டி வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே? எந்தம்பி என்னங்க பண்ணுனான்?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு தன்னுடையது என்று நன்றாகத் தெரிந்தே வேல்குமார் அவள் வாயில் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

அருள்செல்வன் எழுந்து வந்தான். வெந்துபோன அதே கையை மடக்கிக் குத்தினான். மூக்கெலும்பு முறிந்து வேல்குமார் பெட்டிகளின்மேல் சரிந்தான்.

"மாப்ளே, வேண்டாம் மாப்ளே..."

மறுபடியும் குத்து விழுந்தது. பெண்களில் ஒருத்திகூட விலக்க வரவில்லை. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கீதாஞ்சலி நின்றாள். தம்பியை அவளும் தடுக்கவில்லை.