ஒரு துண்டு கிழங்கான்

சாமந்தான்பேட்டை அனுசுயா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு பொல்லாப்பும் இல்லை. சும்மா இருக்கிற வாயா அது? நாகூர்த் தெருக்களில் அவள் கூடை இறக்கிய வீட்டிலெல்லாம் மீனோடு சேர்த்து குடவாசல் வைத்தியரின் புகழையும் அளந்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவள் மகள் அபிநயாவுக்குச் சின்னதிலிருந்தே வலிப்பு. ஆஸ்பத்திரி மாத்திரையில் அடங்கத்தான் செய்தது. ஆனால் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தது, பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று ஒதுக்கினார்கள். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? யாரோ சொல்லக் கேட்டு, குடவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பொடி கொடுக்கும் துரைக்கண்ணு வைத்தியரிடம் ஓடினாள். பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் மருந்தை அறவே விட வேண்டும். மீன் வாடைகூடப் பிள்ளை மேல் படக் கூடாது, அதுதான் பத்தியம். கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டில் மீன் வாடை படாமல் பிள்ளை வளர்ப்பதாம்! அதையும் செய்தாள் மகராசி. பிள்ளைக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு. மீன் விற்றுவிட்டு வந்தால் தலைக்குக் குளிக்காமல் பிள்ளையைத் தொட மாட்டாள்.

அவள் புருஷன் வெற்றிசெல்வன் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

“எம்பொண்ணு தூங்குமூஞ்சியாவே கெடக்கணுமா உங்களுக்கு? இனிமே இந்த வீட்டுக்குள்ள மாத்திரை வந்துச்சு, நான் புள்ளைய தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் அனுசுயா.

அவன், “சரி. ஆனா பொடிய நாந்தான் குடுப்பேன். உன் கையால குடுத்தா அவ துப்புறா” என்றான். அன்றிலிருந்து கடலுக்குப் போய் வந்து குளித்த கையோடு அவனே தேன் குழைத்தான். நம்ம பேச்சுக்கும் மரியாதை இருக்கிறது என்று அனுசுயாவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பிள்ளைக்கு வலிப்பும் வரவில்லை, தூக்கமும் தெளிந்தது. பிறகு வாய்க்குப் பூட்டு ஏது?

நாகூரில் அவளுடைய வாடிக்கை மெஹராஜ் பேகம். புருஷன் அப்துல் ஹமீது குவைத்தில் இருந்தான். சைபுல்லா என்று கண்ணே கண்ணு என ஒரே பிள்ளை, அதற்கும் இதே நோவு, இதே மாத்திரை, இதே தூக்கம். மெஹராஜ் தயங்கத்தான் செய்தாள். அனுசுயாதான் விடவில்லை. “எம்பொண்ணப் பாத்தீல்ல? மாத்திரைய தூக்கிப் போடு, நான் இருக்கேன்” என்று பஸ் ஏற்றித் தானே கூட்டிக்கொண்டு போய் வைத்தியர் முன்னால் உட்கார வைத்தாள்.

ஆடிக் காற்று தொடங்கியபோது சைபுல்லாவுக்கு வலிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. நாகப்பட்டினம், அங்கிருந்து தஞ்சாவூர் என்று ஆம்புலன்ஸில் ஓடினார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

சைபுல்லாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்குப் புருஷனுக்குச் சோறு போட்டபடியே அனுசுயா அழுதாள். அழுகையோடு, “பத்தியத்துல எங்கயோ கோட்டை விட்டிருப்பா. இல்லன்னா நம்ம அபிக்குக் கேட்ட மருந்து அந்தப் புள்ளைக்குக் கேக்காம போவுமா?” என்றாள்.

வெற்றிசெல்வன் தட்டிலேயே கையைக் கழுவினான்.

“அபிக்கு அந்தப் பொடி கேக்கல, அனுசு. நான் மாத்திரைய நிறுத்தவே இல்ல. நுணுக்கி, தேன்ல பொடியோட சேத்துக் குடுத்தேன். புள்ள தூங்கி வழியுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன், வேற மாத்திரை மாத்திக் குடுத்தாரு. அவ்ளோதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா? நீ பாட்டுக்கு ஊர்ல பெருமை பேசிக்கிட்டுத் திரியிறேன்னு நெனச்சேன். ஒருத்திய கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றியவனையா? தூக்கம் வருகிறது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றாமல் போன தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் கூடையில்லாமல் நாகூர் போனாள். சைபுல்லா பாயில் கிடந்தான். வழக்கமாக அவள் குரல் கேட்டதும் வாசலுக்கு ஓடிவருகிற பிள்ளை. இப்போது கண்மட்டும் திரும்பி, எங்கோ நின்றது. மெஹராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நாந்தான்க்கா பாவி. சோத்துக்கு மீனாணம் கேட்டு அழுதான். மனசு பொறுக்காம ஒரு துண்டு குடுத்துட்டேன். நீங்க அன்னிக்குக் குடுத்தீங்களே, அந்தக் கிழங்கான் மீனு. அவங்க வாப்பாகிட்ட சொன்னேன். ‘பத்தியத்தக் கெடுத்து எம்புள்ளைய முடக்கிட்டியே’ன்னாரு. அதுலேருந்து எங்கூட ஒரு பேச்சு இல்ல. போன்ல புள்ளையக் காட்டச் சொல்வாரு, பாப்பாரு, வச்சிடுவாரு.”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்த ஒரு துண்டு மீன் அனுசுயாவின் பழியையெல்லாம் சுமந்துகொண்டு போயிருக்கும். அந்த ஆசை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

“மீன் ஒண்ணும் பண்ணல, மெஹராஜு” என்று ஆரம்பித்து, தேனில் கலந்திருந்த மாத்திரை வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அடிக்கட்டும் என்றுதான் இருந்தாள். மெஹராஜ் அடிக்கவில்லை, அழவும் இல்லை. பிடித்திருந்த கையை மட்டும் விட்டாள். பிறகு போனை எடுத்துக் குவைத்துக்குப் போட்டு, அவளிடம் நீட்டினாள்.

“நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. நீங்களே சொல்லுங்க.”

திரையில் ஓர் ஆண் முகம் பிள்ளையைத் தேடிவிட்டு, “யாரு?” என்றது.

அனுசுயா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

“மீன்காரி அனுசுயாங்க, தம்பி. உங்க வீட்டுக்காரங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. புள்ளையக் கெடுத்தது மீன் இல்ல. நான்.”