கிண்ணம் மூடிய கிணறு

சோங் பேரரசு காலத்தில், ஷூ நாட்டு மலைச்சரிவில், உப்புக் கிணறு என்றால் அதற்குள் ஒரு வீட்டையே இறக்கலாம். அரசாங்கக் கிணறு அப்படித்தான் இருந்தது. அடியில் சேறு அள்ள ஆள் இறங்க வேண்டும். அங்கே தேங்கிய கெட்ட காற்று யாரை விடும், யாரை விடாது என்று சொல்ல முடியாது. யுன்ஷூவின் தம்பியை அது விடவில்லை. வரும் அமாவாசைக்கு இறங்கும் முறை அவள் கணவன் கௌ திங்குக்கு.

சொந்தக் கிணற்று நீரை அரசாங்க உப்புச் சாவடியில் கொண்டுவந்து ஊற்றுகிறவனுக்கு மட்டும் இறங்குவதிலிருந்து விலக்கு உண்டு. அதற்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்காக வீட்டுக்குப் பின்னால் பாறையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். பலகையின் ஒரு முனையை அவர்கள் மிதிக்க, மறுமுனையில் மூங்கில் கயிற்றில் கட்டிய இரும்பு உளி எழும்பி விழும். துளையின் வாய் சோற்றுக் கிண்ணம் அகலம்தான். சாயங்காலம் யுன்ஷூ தன் கிண்ணத்தையே கவிழ்த்து அதை மூடிவிட்டுப் போவாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறு என்ன வேலை.

கடைசியில் உளி நனைந்து வந்தது. கௌ திங் நக்கிப் பார்த்தான். நல்ல உப்பு. ஆனால் அதை மேலே கொண்டுவருவது எப்படி?

"கிணறு வெட்டிட்ட, சரி. வாளி எப்படிடி இறங்கும்?" பக்கத்து வீட்டு ஷென் பெரியம்மா வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "எலி வால்ல கட்டி இறக்கப் போறியா?"

"எலி வேணும்னா சொல்லி அனுப்புறேன் பெரியம்மா. உங்க வீட்லதான் நெறைய இருக்கே."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் வழிதான் பிடிபடவில்லை. ஒரு மூங்கிலின் கணுக்களைக் குடைந்து குழாயாக்கி இறக்கினார்கள். அடியை மூடினால் நீர் உள்ளே ஏறவில்லை. திறந்துவிட்டால் ஏறியதெல்லாம் வழியிலேயே கொட்டிப் போனது.

"விடு, நான் இறங்கிட்டு வந்துடுறேன்," என்றான் கௌ திங். "எல்லாரும் இறங்கலையா?"

"எல்லாரும் ஏறலையே."

அவன் மழுங்கிய உளியை எடுத்துப்போய் உலையில் வைத்தான். அவள் துருத்தியை இழுத்தாள், அமுக்கினாள், இழுத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். நெருப்பு மங்கியது.

"ஏன் நிறுத்திட்ட?"

"உள்ள வந்த காத்து ஏங்க வந்த வழியே திரும்பிப் போகல?"

"தோல் வந்து ஓட்டையை மூடிக்குது. இது ஒரு கேள்வியா..." என்றவன் வாய் மூடாமல் அவளையே பார்த்தான்.

அவள் கத்தியை எடுத்துவிட்டாள்.

"அதை அறுத்துட்டா உளியை எப்படிக் காய்ச்சுறது?"

"நீங்க மேல இருந்தா அதைப் பத்தி அப்புறம் யோசிப்போம்."

மூங்கிலின் அடிக்கணுவில் ஓர் ஓட்டை போட்டு, உள்பக்கமாகத் தோலை ஒரே ஓரத்தில் மட்டும் தைத்தார்கள். மறுநாள் வேலி நெடுக ஜனம். முதல் தடவை குழாய் வெறுமையாகவே ஏறி வந்தது. உலைச் சூட்டில் தோல் விறைத்துப்போயிருந்தது. ஷென் பெரியம்மாவின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. யுன்ஷூ பன்றிக் கொழுப்பை எடுத்துத் தோலில் தேய்த்தாள், அது காது மடல் போல வளையும் வரை.

இரண்டாம் தடவை கயிறு கனத்தது. குழாயைத் தொட்டியின் மேல் பிடித்து, அடி ஓட்டைக்குள் ஒரு குச்சியை நுழைத்துத் தோலை நெம்பினாள். உப்புநீர் குபுகுபுவெனக் கொட்டியது. சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். அரசாங்கம் ஆட்களைப் பலி கொடுத்து எடுத்த நீரை, ஒரு துண்டுத் தோலால் எடுத்துவிட்டாளே! அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. தம்பி இருந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பான்.

அமாவாசைக்கு முன்பே சாவடியில் இறங்குகிறவர் பட்டியலிலிருந்து கௌ திங்கின் பெயரை அடித்தார்கள். முறை அடுத்தவனுக்குப் போனது. அடுத்தவன் ஷென் பெரியம்மாவின் மகன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வேலியில் சாயவில்லை. வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் தலைகுனிந்து நின்றாள்.

"யுன்ஷூ, அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் குடேன். அளவு பாக்கணும்."

எலி யுன்ஷூவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். கிணற்றின் மேலிருந்த கிண்ணத்தை எடுத்து, சட்டைக் கையில் துடைத்து நீட்டினாள்.

"வச்சுக்குங்க. நீங்க குத்தி முடிக்கிற வரைக்கும் எங்க தண்ணியைக் கொண்டுபோய் உங்க பையன் பேர்ல ஊத்துங்க."