உம்மு கைஸில் கறுப்புக் கல்

அடுத்த மாதம் கித்தாம் சிரியாவில் உள்ள சொந்த ஊரான புஸ்ராவுக்குத் திரும்புகிறாள். அதற்கு நான்கு நாள் முன்னால் ருதைனா மகளுடன் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். அகதியாக வந்து பன்னிரண்டு வருடம் ஜோர்டானின் இர்பித் நகரில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள் இருவரும். பிரிவதற்கு முன்னால் ஒரு நாள் எங்காவது போய்வரலாம் என்று கித்தாம்தான் சொன்னாள். உம்மு கைஸ் என்று ருதைனா சொன்னாள்.

"ரோமாக்காரன் விட்டுட்டுப் போன இடிபாட்டைப் பாக்க வேன் வேறயா? நாம பொறந்ததே அதுக்குள்ளதானேடி."

"அங்கயும் நம்ம ஊரு மாதிரி கறுப்புக் கல்லாம். ஜெரஷ் இடிபாடு மாதிரி மஞ்சள் இல்ல."

கித்தாம் ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை சோறு பொதிந்த திராட்சை இலைச் சுருளை ஒரு பெரிய டப்பாவில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

உம்மு கைஸின் ரோமானிய அரங்கத்துக்குள் நுழைந்ததுமே ருதைனாவின் நடை தளர்ந்தது. புஸ்ரா அரங்கத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் கல் அதே கல். நுண்துளைகள் நிறைந்த, கரிக்கட்டை போன்ற கறுப்பு. படியில் உட்கார்ந்தாள். வெயிலில் ஊறியிருந்த சூடு பாவாடை வழியாக ஏறியது. புஸ்ராவில் இப்படி ஒரு படியில்தான் கோடை விழாவின்போது, பின்னால் அவள் புருஷனான பவ்வாஸ் அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்சுவர் எந்த ராஜா காலத்திலோ கட்டியது. சன்னல் கம்பியிலிருந்து ஒரு ரோமானியத் தூணுக்குக் கொடி கட்டித் துணி காயப்போடுவாள். படம் எடுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அவளுடைய போர்வை நகரட்டும் என்று காத்து நிற்பார்கள்.

ஒன்பது வயது மைஸ் படிகளில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு வந்தாள். இர்பித்தில் பிறந்த பிள்ளை.

"அம்மா, ஊர்ல நீங்க இந்த மாதிரி இடத்துலயா இருந்தீங்க? கூரையே இல்லையே."

"எங்களுக்கு இருந்துச்சு," என்றாள் ருதைனா.

பிறகு மூவரும் மேட்டின் விளிம்புக்குப் போனார்கள். கீழே பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் ஏரி, எதிரே நீலமாகக் கிடந்தன மலைகள். யர்மூக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியா என்று வேனில் யாரோ சொல்லியிருந்தார்கள். ருதைனா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மலைகளையே பார்த்தாள். எட்டு வருடமாக ஃபோனில் மட்டும் இருக்கிற புருஷனிடம் போகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தாள். விசா வந்த அன்று சந்தோஷத்தில் அழுதாள். இப்போது வந்த அழுகை வேறு. கித்தாமும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

பக்கத்தில் தேநீர் விற்றுக்கொண்டிருந்தவன் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தான்.

"எந்த ஊரு தங்கச்சி?"

"புஸ்ரா."

அவன் கொஞ்சம் தயங்கினான். "நீங்க பாக்குறது ஜோலான் மலை. அதுவும் சிரியாதான், அழுதது வீண் போகல. ஆனா புஸ்ரா அந்தப் பக்கம், கிழக்கால." அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கை காட்டினான்.

இருவரும் திரும்பினார்கள். வண்டிகள் நிற்கிற திடல், ஒரு கழிப்பறை, நாலைந்து ஆலிவ் மரம்.

முதலில் சிரித்தவள் கித்தாம். "ஒரு மணி நேரமாடி, யாரோட ஊருக்கோ அழுதிருக்கோம்." ருதைனாவுக்கும் சிரிப்பு வந்து, தேநீர் கையில் சிந்தியது. அவன் காசு வாங்க மறுத்துவிட்டான்.

மதியச் சாப்பாட்டுக்கு நிழலான இடம் எத்தனையோ இருந்தது. ஏரி தெரிகிற இடத்தைத்தான் எல்லாரும் பிடித்தார்கள். ருதைனா திடலைப் பார்த்த மாதிரி விரிப்பை விரித்தாள். கித்தாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"போனதும் முதல் வேலையா உன் வீட்டைப் பாத்துடுறேன். படம் எடுத்து அனுப்புறேன்."

"படம் வேண்டாம்."

"ஏன்?"

"நின்னுச்சுன்னா நிக்குதுன்னு சொல்லு. விழுந்திருந்தா விழுந்துடுச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நான் தாங்கிக்குவேன். படமா வந்தா பவ்வாஸும் பாப்பாரு, மைஸும் பாப்பா. அப்புறம் அதுதான் எங்க வீடுன்னு ஆயிடும்."

கித்தாம் அவள் தட்டில் இன்னும் இரண்டு சுருள் வைத்தாள். "வாயாலயே சொல்றேன். அங்க குளிராமே, தின்னு."

மைஸ் இருவருக்கும் நடுவில் நுழைந்து, அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். திடலில் ஒரு பேருந்து கிளம்பிப் போனது. அது விட்ட இடத்தில் கிழக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. வேன்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை ருதைனா அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.