தனசேகர் வீட்டுக் குளிர்

நகரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், விசைத்தறிக்காரர் தனசேகர் வீட்டுக்குள் மட்டும், சித்திரை மாதத்து நடுப்பகலில் வாயைத் திறந்தால் புகை வந்தது. வெளியே தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நிலைப்படி தாண்டிக் கால் வைத்தால் உள்ளே மார்கழி. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நின்றது. உறை ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே இருந்தது. கரண்ட் ஆபீஸிலிருந்து லைன்மேன் வந்து, ஏசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பரண் வரைக்கும் ஏறித் தேடிவிட்டு, வெறுங்கையோடு இறங்கி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

தெரு இதற்காக ஒன்றும் மலைத்துப் போகவில்லை. கிடைத்த வரைக்கும் லாபம் என்று எடுத்துக்கொண்டது. பக்கத்து வீடுகளின் தோசை மாவுப் பாத்திரங்கள் தனசேகர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பூக்காரி மல்லி மூட்டையைக் கொண்டுவந்து போட்டாள். சாயப்பட்டறை இஸ்மாயில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலையணையோடு வந்துவிடுவார்; குறட்டை தறிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. பெரிய பொண்ணு கௌசிகா திருப்பதியில் ஏழைகளுக்குச் சேவை செய்கிறாள், அதற்குப் பெருமாள் கொடுத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் கௌசிகா அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொள்வாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு முகம் தீயாக எரியும்.

அவள் செய்த சேவை இதுதான். திருப்பதி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு செல்போன் கடையில் அவளுக்கு வேலை. காலை பாசஞ்சரில் போய் இருட்டுவதற்குள் திரும்புவாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு தர்ம டிரஸ்டு நடத்திய பழந்துணிக் கடையில் துணி பிரித்துக் கொடுப்பாள். மலைக்கு வருகிற வடநாட்டார் கனமான ஸ்வெட்டர்களோடு வந்து, போகும்போது லாட்ஜிலேயே விட்டுப் போவார்கள். அவை மூட்டை மூட்டையாக அந்தக் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிக்காரர்களும் நடைபாதை வியாபாரிகளும் வரிசையில் நின்று, பிச்சை வாங்கிய எண்ணம் வரக்கூடாது என்பதற்காக ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து எடுத்துப் போவார்கள். சனிக்கிழமையே நல்லதை எல்லாம் கௌசிகா கறுப்புக் கவரில் போட்டுத் தனியாக வைத்துவிடுவாள். அதற்குரிய பத்து ரூபாயை உண்டியலில் போட்டும்விடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து, நூல்கண்டுகளின் மேல் விரித்துப் படம் எடுத்து, 'விண்டேஜ்' என்று எழுதி ஆன்லைனில் போடுவாள். பெங்களூரும் புனேயும் போட்டி போட்டு வாங்கின.

முதலில் கைச்செலவுக்கு என்றுதான் தொடங்கினாள். கை பழகிவிட்டால் கண் நிற்குமா? இறந்துபோன அம்மாவின் பெட்டியில் இருந்த நைந்த பருத்திப் புடவைகளும் அதே பக்கத்தில் ஏறின, அதே போலப் போயும்விட்டன. நைனா தனசேகரிடம் சொல்லவில்லை. கூரியர்காரன் ஒவ்வொரு பார்சலை எடுத்துப் போகும்போதும் வீடு கொஞ்சம் குளிர்ந்தது. மார்கழி மாதமானதால் யாருக்கும் தெரியவில்லை. வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு பெண் வாரா வாரம் சனிக்கிழமையே வந்து கேட்டுக் காத்திருந்த பச்சை ஸ்வெட்டர் புனேக்குப் போன அன்று, ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக வேர்த்தது. குளிர் எதனால் வருகிறது என்று அப்போதே கௌசிகாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நாலைந்து பார்சல் அனுப்பினாள்.

அந்த வைகாசியில் தங்கை பவ்யாவைத் தலைப்பிரசவத்துக்குப் பாகாலாவிலிருந்து அழைத்து வந்தார்கள். அம்மா இல்லாத வீடு என்று சம்பந்தி வீட்டார் பேசிவிடக்கூடாது என்பதில் தனசேகர் பிடிவாதமாக இருந்தார். புத்தூர் ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. வெயிலுக்கு இப்படி ஒரு வீடு யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே திரண்டு குழந்தையை உள்ளே கொண்டுவந்தது. சாயங்காலத்துக்குள் குழந்தையின் நகம் நீலமாகிவிட்டது. வெயிலில் கொண்டுபோய்க் காட்டினார்கள், இஸ்மாயில் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். குளிர் குழந்தையோடேயே போனது. டாக்டர் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார், நன்றாகப் போர்த்தச் சொன்னார். புதுக் கம்பளி வாங்கிப் போர்த்தினார்கள், பேப்பரில் சுற்றியது மாதிரிதான் இருந்தது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, யாராவது உடுத்தித் துவைத்த பழம்புடவையில்தான் முதலில் சுற்ற வேண்டும் என்று அப்போதுதான் யாரோ நினைவுபடுத்தினார்கள். தனசேகர் மனைவியின் பெட்டியைத் திறந்தார். ரசகற்பூர உருண்டை ஒன்று மட்டும் மூலையில் உருண்டது. தெருவில் ஆளாளுக்கு ஒரு பழம்புடவை கொடுத்தார்கள்; தனசேகர் வீட்டு நிலைப்படி தாண்டியதும் அவையும் சில்லிட்டுப் போயின. பவ்யா குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு பல் கிட்டிக்க அழுதாள். கௌசிகா அடுத்த பாசஞ்சரைப் பிடித்தாள்.

பச்சை ஸ்வெட்டருக்குக் காத்திருந்தவள் பெயர் கோவிந்தம்மாள். திருமலை அடிவாரத்து அலிபிரியில் படியேறுகிறவர்களுக்கு மஞ்சள், குங்குமம், கற்பூரம் விற்பவள். மார்கழிப் பனியிலும் விடிவதற்கு முன்பே கோணிப்பையை விரித்து உட்கார்ந்தாக வேண்டிய பிழைப்பு. கௌசிகா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்கு ஒரு பழம்புடவை வேண்டும் என்றாள். பிறகு கறுப்புக் கவரைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

"கவர் எனக்குத் தெரியும்மா. சனிக்கெழம நீ எடுத்து வச்சிக்கினு இருந்ததை வாசல்ல நின்னு நான்தான் பாத்துனு இருந்தேனே," என்றாள் கோவிந்தம்மாள். "உன் வூட்ல யாரோ குளுர்ல கெடக்கறாங்க போலன்னு நெனச்சி வுட்டுட்டேன்."

கௌசிகாவுக்கு அந்தப் படியிலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கோவிந்தம்மாள் கற்பூரப் பொட்டலங்களை அடுக்கியபடியே கேட்டாள்: "அந்தப் பச்சை ஸ்வெட்டர், ரெண்டு பக்கமும் ஜோபி வச்சது, அது யாருக்குப் போச்சி?"

"புனேல ஒரு பொண்ணுக்குக்கா."

"கரெக்டா இருந்துச்சாமா அதுக்கு?"

"நல்லா இருக்குன்னு அஞ்சு ஸ்டார் போட்டிருந்தா."

கோவிந்தம்மாள் தலையாட்டினாள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம் பரவாயில்லை என்பது போல. மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் தான் இரண்டாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊதாப் புடவையை மூட்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள். காசு நீட்டியதற்கு மட்டும் சத்தம் போட்டாள்: "பழம்பொடவைக்குக் காசு வாங்குவாங்களா யாராவது?" கௌசிகா ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே போனாள்.

அந்தப் புடவையில் சுற்றியதும் குழந்தை வேர்த்தது. பால் குடித்தது, தூங்கியது. வீடு என்னவோ குளிர்ந்தபடிதான் இருந்தது.

பேர் வைக்கிற அன்று கோவிந்தம்மாளை அழைத்திருந்தார்கள். நிலைப்படி தாண்டியவள் நின்றுவிட்டாள். கையை நீட்டி, முறத்தில் அரிசியைப் பார்ப்பது போலக் காற்றை விரலால் தடவிப் பார்த்தாள். "அடியே, இது அலிபிரிக் குளுரு. என்னுது தான இது?" என்றாள். கூடமே கௌசிகாவைத் திரும்பிப் பார்த்தது. தப்பிக்க அடுப்பங்கரை இருந்தது, அவள் போகவில்லை. மாவுப் பாத்திரங்களுக்கு நடுவில் நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்தபோது தனசேகர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க அம்மா பொடவைங்களுமாம்மா?"

அவள் தலையாட்டினாள். திட்டியிருக்கலாம், கையோங்கியிருக்கலாம், அவளும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் எழுந்துபோய்த் தறியைப் போட்டுவிட்டார். விசேஷ நாளில் அந்த வீட்டில் தறி ஓடியது அதுதான் முதல்முறை. கடைசியில் இஸ்மாயில்தான் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "சரிம்மா, கதவைச் சாத்து. குளுரு வெளிய போவுது." அவர்கள் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று கௌசிகா பிறகு தங்கையிடம் சொன்னாளாம்.

சாப்பிட்டு எழுந்த கோவிந்தம்மாள் போகிறபோது தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "மார்கழி பூரா இத வச்சிக்கினு அவ்ளோ கஷ்டப்பட்டன். சித்திரைல எதுக்கு வுடணும்? பத்திரமா வச்சிரு, வரேன்."

அந்த ஆன்லைன் பக்கத்தைக் கௌசிகா மூடிவிட்டாள். அம்மாவின் புடவைகளை யார் யார் வாங்கினார்கள் என்று தேடி, திருப்பிக் கேட்டு எழுதிப் பார்த்தாள். ஒருத்தியும் திருப்பித் தரவில்லை. டிரஸ்டிலும் உண்மையைச் சொன்னாள். துணி பிரிக்க விடாமல், வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலைக்கு மாற்றினார்கள். ஸ்வெட்டர் கிடைக்காமல் திரும்புகிறவர்களின் முகத்தை வாரா வாரம் அவள்தான் பார்க்க வேண்டும். தனசேகர் அவளிடம் பேசுகிறார், ஆனால் கேட்டதற்கு மட்டும்.

அலிபிரியில் கல் கொதிக்கும் சித்திரையில் கோவிந்தம்மாள் ரயிலேறி நகரிக்கு வருகிறாள். அவள் வந்தால் இஸ்மாயில் தலையணையோடு ஒதுங்கி உட்கார்ந்து இடம் விடுகிறார். குளிருக்குச் சொந்தக்காரி அவள்தானே. பவ்யாவின் மகள் அந்த ஊதாப் புடவையை இழுத்துக்கொண்டு கூடமெல்லாம் திரிகிறது. கோவிந்தம்மாள் போர்த்திக்கொள்ளாமல் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். கௌசிகா சுவர் ஓரமாக உட்கார்ந்து, குளிரில் விறைத்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவள் எழுந்ததும் கொடுக்கக் காப்பிக்குப் பால் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.